மூன்றாம் நிலையின் சிவப்புக் குறி

“வெள்ளிக்கிழமை காலையில பதினொரு மணிக்குள்ள கண்ணால பார்க்கற மாதிரி ஒரு சான்று கொண்டு வாங்கம்மா. இல்லேன்னா சனிக்கிழமை வெடி வைக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்.”

இவ்வாறு சொல்லிவிட்டுக் கோட்டாட்சியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று புதன்கிழமை, மணி நான்கு. விசாரணை அறையில் போடப்பட்டிருந்த நாற்காலியில் உட்கார மனமின்றி, தொடங்கியதிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள் மரகதவல்லி. கல்லூரியொன்றில் நிலவியல் கற்பிப்பவள், வயது முப்பத்தொன்று. நெடுங்கரட்டு மலையின் மேல் கைவிடப்பட்டுக் கிடக்கும் சுண்ணமேடு என்னும் சுரங்க ஊரில், மூன்றாம் நிலைச் சுரங்கத்தின் சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு கடல் விலங்கின் முழு எலும்புக்கூடு பதிந்திருக்கிறது என்றும், எனவே அம்மலையை வெடி வைத்துத் தகர்க்கலாகாது என்றும் மனுக் கொடுத்திருந்தாள்.

மலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒப்பந்தக்காரரின் பொறியாளர் பழைய கோப்பு ஒன்றைப் பிரித்து உரக்கப் படித்தார். “ ‘மூன்றாம் நிலை முழுவதும் பார்வையிடப்பட்டது. எலும்புக்கூடு எதுவும் காணப்படவில்லை. நில அளவையாளர் மாசிலாமணியின் அறிக்கை கற்பனையே.’ எழுபத்தொன்பதுல ஆய்வுக்குழு எழுதினது, சார். அந்தக் கற்பனைக்காரரோட பொண்ணுதான் இவங்க.”

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஒருவனைப் பொய்யன் ஆக்குவதற்கு மூன்று வரிகள் போதுமாக இருந்தன. அவ்வரிகளை எழுதியவர்கள் மாசிலாமணியை உடன் அழைத்துச் செல்லவில்லை. அறிக்கையை விளக்க வேண்டும் என்று அவரைச் சுரங்க நிறுவனத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்து, அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தாழ்வாரத்தில் காத்திருக்க வைத்துவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். அவர் திரும்பியபோது வேலை போயிருந்தது. சுரங்க வாசலுக்குள் நுழையவும் அனுமதியில்லை. அதன்பின் அரிசி ஆலையொன்றில் மூட்டை எண்ணிப் பிழைத்தார். இருபத்தேழு ஆண்டுகளாகக் கடைத்தெருவில் அவரைக் கண்டவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என்ன சர்வேயரே, மலைமேல திமிங்கிலம் சௌக்கியமா?”

அன்று மாலை மரகதவல்லி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மாசிலாமணி எழுந்து, இரும்புப் பெட்டியிலிருந்து தமது பழைய அளவைக் குறிப்பேட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இருந்தா வந்து சொல்லு. இல்லேன்னா எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றார். பிறகு விளக்கைப் போடாமலே உள்ளறைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஜீப் புறப்பட்டது. ஓட்டியவன் சூசைராஜ், வண்டிப் பட்டறை வைத்திருக்கும் இருபத்தாறு வயது இளைஞன். அவனுடைய தந்தை அந்தோணி, சுண்ணமேட்டுச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை பார்த்தவர். அங்கேயே ஒரு வெடி விபத்தில் இறந்தவர். அப்போது சூசைராஜ் தாயின் வயிற்றில் இருந்தான். அதே ஆண்டின் இறுதியில் சுரங்கமும் மூடப்பட்டு, நானூறு குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. தன் தந்தை வாழ்ந்த ஊரை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“அம்மாகிட்ட எங்க போறேன்னு சொன்ன?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“திருச்சிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு சொன்னேங்கக்கா. சுண்ணமேடுன்னு சொல்லியிருந்தா ஜீப்புக்கு முன்னாடி படுத்திருக்கும்.”

அடிவாரத்தில் ஒப்பந்தக்காரரின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கோட்டாட்சியர் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காவலாளி தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார். “சாவி மேனேஜர்கிட்ட இருக்குதும்மா.”

“மேனேஜர் எங்க?”

“ஊருக்குப் போயிருக்காரு.”

“எப்ப வருவார்?”

“வெள்ளிக்கெழமை மத்தியானம்.”

மரகதவல்லி கதவின் முன் இப்புறமும் அப்புறமும் நடந்தாள். மணி எட்டு. அரைமணி நேரம் வாதாடியும் பயனில்லை. அருகில் புளியமரத்தடியில் கடுக்காய் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வெற்றிலையைக் குதப்பியவாறே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக் கிராமத்தைச் சேர்ந்தவள், பெயர் காராயி, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“அந்தாளு கதவைத் தொறக்க மாட்டான் தாயி. எங்களையே ஆறு மாசமா சுத்திப் போக வெச்சிருக்கான்” என்றாள் அவள். “சுண்ணமேட்டுக்குத்தானே? பழைய ரோப்கார் தடத்துல ஏறினா உச்சிப் பொழுதுக்குள்ள போயிடலாம். நடுவுல பாலந்தான் கொஞ்சம் பல்லு போன கெழவனாட்டம் இருக்கும்.”

“நீங்க வழி காட்டறீங்களா பெரியம்மா?” என்றான் சூசைராஜ்.

“யாருடா பெரியம்மா? எனக்கு என்ன அம்புட்டு வயசா ஆச்சு?” என்று எழுந்து, மூட்டையைப் புதருக்குள் தள்ளிவிட்டு, ஆட்டுக்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நட.”

சுண்ணாம்புக் கற்களைத் தொட்டிகளில் ஏற்றிக் கீழே இறக்குவதற்காக ஒரு காலத்தில் நிறுத்தப்பட்ட இரும்புக் கோபுரங்கள், மலைச்சரிவு நெடுகத் துருவேறி நின்றன. அவற்றைக் குறியாக வைத்து மூவரும் ஏறினார்கள். முள் கிழித்தது, சரளை வழுக்கியது. காராயி நின்று மூச்சு வாங்கச் சொன்ன இடங்களிலெல்லாம் மரகதவல்லி நிற்காமல் முன்னே போனாள்.

பதினொரு மணிக்கு அந்தப் பாலம் எதிர்ப்பட்டது. ஆழமான ஓடையொன்றின் குறுக்கே இரண்டு இரும்பு உத்தரங்கள். அவற்றின்மேல் முன்பு பலகைகள் பாவப்பட்டிருந்தன. இப்போது மூன்றில் ஒன்றே எஞ்சியிருந்தது.

“பலகைல கால் வெக்காதீங்க. இரும்பு மேலயே வாங்க” என்று எச்சரித்துவிட்டுக் காராயி வெறுங்காலால் விறுவிறுவென்று கடந்தாள். அடுத்து மரகதவல்லி. பாதித் தூரம் வந்ததும் அவளுடைய பை ஒரு கம்பியில் மாட்டியது. அதை விடுவிக்கத் திரும்பியவள், தன்னையறியாமல் ஒரு காலைப் பலகையில் ஊன்றினாள். பலகை ஓசையின்றி நொறுங்கியது.

அவள் இடுப்புவரை கீழே போனாள். உத்தரத்தின்மேல் குப்புற விழுந்த சூசைராஜ் அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். மறுகரையிலிருந்து காராயி வீசிய ஆட்டுக்கயிறு இரண்டாம் முறைதான் கைக்கு அகப்பட்டது. இருவரும் சேர்ந்து இழுத்து அவளைக் கரையேற்றியபோது, பையின் பக்கவாட்டு உறை கிழிந்து தொங்குவதை மூவரும் கண்டார்கள். அளவைக் குறிப்பேடு ஓடைக்குள் போயிருந்தது.

சூசைராஜ் எட்டிப் பார்த்தான். கீழே நாணலைத் தவிர எதுவும் தெரியவில்லை. “நோட்டு போச்சேக்கா.”

“நோட்டுதான் போச்சு. பத்து வயசுலேருந்து அதைப் படிச்சிட்டிருக்கேன். வாசல்லேருந்து நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர், இடப்பக்கம்.” முழங்கையில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

சுண்ணமேடு நண்பகலில் அவர்கள் முன் விரிந்தது. கூரையிழந்த குடியிருப்புகள் வரிசை வரிசையாக நின்றன. சுண்ணாம்புக் காளவாய்களின் வாய்களில் ஆலங்கன்றுகள் முளைத்திருந்தன. மாதா கோவிலின் மணிக்கூண்டு மட்டும் நிமிர்ந்து நிற்க, அதன் உள்ளே வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. காற்று ஒரு தகரத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை பேருடைய வியர்வையில் ஓர் ஊரைக் கட்டிவிட்டு, ஒரே அறிவிப்பில் அதைக் காலி செய்தவர்கள், போகும்போது கதவுகளையும் நிலைகளையும் கழற்றி எடுத்துச் செல்ல மறக்கவில்லை.

“இதுல எங்க வீடு எதுன்னு கூடத் தெரியாது” என்றான் சூசைராஜ். ஒரு வாசற்படியில் கால் வைக்கப் போனவன் சட்டென்று நின்றான். படிக்கல்லில் உள்ளங்கையளவு சுருள் ஒன்று, வளையத்துக்குள் வளையமாகப் பதிந்திருந்தது.

“இது கடல்ல நீந்தின உயிரு. சங்கு மாதிரி கூடு” என்று மரகதவல்லி குனிந்து தடவினாள். சுவரிலும் அவ்வாறே பல இருந்தன. சிப்பிகள், கடல்முள்ளிகள், சுருள்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தளமாயிருந்த சேறு, பாறையாகி, மலையாக உயர்ந்திருந்தது. அதை வெட்டியெடுத்தவர்கள், தெரியாமலே கடலைச் சுவராக அடுக்கி அதற்குள் குடியிருந்திருக்கிறார்கள்.

“நாங்க நத்தைக்கல்லுன்னு சொல்லுவோம். பொழுது போவுது, வாங்க” என்றாள் காராயி.

மலையின் உட்புறமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு சுரங்கப் பாதைகள் குடையப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நிலை. மூன்றாவதன் வாயில் வௌவால் நாற்றம் அடித்தது. கைவிளக்குகளை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். சூசைராஜ் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, மரகதவல்லி மறுமுனையுடன் முன்னேறினாள். முப்பது மீட்டர். அறுபது. தொண்ணூறு. ஒரு வளைவைக் கடந்தார்கள். நூற்றெண்பது. இன்னும் பதினைந்து மீட்டர் என்று அவள் நாடாவை இழுத்தபோது, அது அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். சூசைராஜ் நாடாவைக் காலால் மிதித்துக்கொண்டு, விளக்கை இடப்புறம் நீட்டியபடி நின்றான்.

“அங்கயே நில்லுங்கக்கா. ஒரு அடி எடுத்து வெக்காதீங்க.”

அவனது வெளிச்சம் விழுந்த இடத்தில், பாறை உட்குழிந்த ஒரு மாடத்தை ஆளுயரக் கற்சுவர் ஒன்று அடைத்திருந்தது. சுவரின் நடுவே, வட்டத்துக்குள் பெருக்கல் குறியாக, சிவப்புச் சாயத்தில் ஒரு பெரிய குறி.

“அது என்ன?”

“வெடிக்காத குழி. பாறையில துளை போட்டு மருந்தை அடைச்சுப் பத்த வெச்சும் வெடிக்காமப் போச்சுன்னா, இந்தக் குறியைப் போடுவாங்க. அப்புறம் முதலாளியே வந்தாலும் நூறு அடிக்குள்ள போக மாட்டான். எங்கப்பா அப்படி ஒரு குழிலதான் போனாரு. எவனோ குறி போட மறந்துட்டான்.”

மரகதவல்லி நாடாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் சரியா அங்கதான் வருது, சூசை. இடப்பக்கம். அப்பா பார்த்தது அந்தச் சுவருக்குப் பின்னாலதான் இருக்கு.”

“இருக்கட்டும். நீங்க தொடக் கூடாது.”

“நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?”

“உசுரைக் காட்டுங்க. மருந்து பழசாக ஆக மோசம்க்கா. ஒரு கல்லை உருவினாப் போதும்.”

ஆய்வுக்குழுவினர் இதே இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்பது மரகதவல்லிக்குத் தெளிவாயிற்று. சிவப்புக் குறியைக் கண்டார்கள், விதிப்படி திரும்பினார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் ‘முழுவதும் பார்வையிடப்பட்டது’ என்று எழுதினார்களே, அதற்கு எந்த விதியில் இடமிருந்தது? பார்க்காத ஓர் இடத்தைப் பார்க்கவில்லை என்று எழுத அந்தப் பேனாக்களில் மை இல்லாமலா போயிற்று?

“அந்தக் குறிக்குக் கீழ என்னமோ எழுதியிருக்குதே” என்றாள் காராயி.

சூசைராஜ் இருந்த இடத்திலிருந்தே விளக்கைத் தாழ்த்தினான். 13-4-79. அதற்கும் கீழே, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாற்போல: அந்தோணி.

அவன் அந்த எழுத்துகளை விட்டு விளக்கை அகற்றவில்லை. தன் தந்தையின் கையெழுத்தை அவன் முதன்முறையாகப் பார்க்கிறான் என்பதை அறிந்து, மற்ற இருவரும் ஓரடி பின்வாங்கி நின்றார்கள்.

“பதிமூணு” என்றான் கடைசியில். பிறகு விரல்களை மடக்கத் தொடங்கினான். “அப்பா செத்தது ஏப்ரல் பத்தொம்பது. வருசா வருசம் அன்னிக்குத்தான் பூசை வெப்போம். அம்மா அழுவுறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும். ‘ஈஸ்டர் ஞாயித்துக்கெழமை சிரிச்சிட்டுச் சாப்பிட்டாரு, வியாழக்கெழமை துணியில பொதிஞ்சு குடுத்தாங்க’ன்னு. வியாழன் பத்தொம்பதுன்னா ஞாயிறு பதினஞ்சு. அதுக்கு முந்தின வெள்ளி…”

“பதிமூணு” என்றாள் மரகதவல்லி.

“பெரிய வெள்ளிங்கக்கா. ஏசு சிலுவையில செத்த நாளு. அன்னிக்கு எங்காளுங்க ஒரு ஆணி அடிக்க மாட்டாங்க. சுத்தியலைத் தொட மாட்டாங்க.”

“ஆமாந்தாயி” என்றாள் காராயி. “அப்ப நான் பதினெட்டு வயசுப் புள்ள. வெறகு விக்க இங்க வருவேன். அன்னிக்கு மட்டும் பொளக்காத கட்டையத்தான் வாங்குவாங்க. கோடாலிச் சத்தம் கேக்கக் கூடாதும்பாங்க. ஊரே மூச்சு விடாதாட்டம் கெடக்கும்.”

“அப்ப எப்படி வெடி வெச்சிருப்பாரு? மருந்துக் கிடங்கே பூட்டியிருக்கும். சுரங்கத்துல ஆளே இருக்காது.” சூசைராஜ் சுவரை நோக்கி விளக்கை உயர்த்தினான். “வெடியே வெக்கலை. குறி மட்டும் போட்டிருக்காரு.”

“தேதியைத் தப்பா எழுதியிருந்தா?” என்று மரகதவல்லி கேட்டாள். இப்போது தயங்கியவள் அவள்தான்.

அவன் தரையில் படுத்து, தவழ்ந்து, சுவருக்கு இரண்டடி தூரத்தில் நின்று விளக்கைக் கற்களின்மேல் மெல்ல நகர்த்தினான். ஒவ்வொரு கல்லும் கிடைத்த வடிவிலேயே இருந்தது. எதிலும் உளி பட்ட தடமில்லை. சுத்தியல் பட்டு உடைந்த முனையில்லை. சாந்தும் இல்லை. ஒருவன் தனியாக, ஓசையே எழுப்பாமல், கையாலேயே பொறுக்கி அடுக்கிய சுவர் அது.

“ரெண்டு பேரும் வளைவுக்கு அந்தப் பக்கம் போங்க” என்றான்.

“சூசை, நான்…”

“போங்கக்கா. இது எங்கப்பன் வெச்ச சுவரு. முதல் கல்லை நான்தான் எடுக்கணும்.”

காராயி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வளைவுக்கு அப்பால் இருவரும் பாறையோடு ஒட்டி நின்றார்கள். மரகதவல்லியால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒரு கல் தரையில் வைக்கப்படும் மெல்லிய ஓசை கேட்டது. மற்றொன்று. பிறகு மற்றொன்று. பதினேழாவது கல்லுக்குப் பின் ஓசை நின்றுபோயிற்று.

“அக்கா” என்று அவன் அழைத்தான். “உங்க திமிங்கிலத்துக்குக் கழுத்து இருக்கு.”

அவள் ஓடினாள். கல் எடுத்த இடைவெளி வழியே மூவரும் மாடத்துக்குள் நுழைந்தார்கள்.

சாம்பல் நிறப் பாறையில், தேன் நிறத்தில் அது கிடந்தது. நீண்ட கழுத்தின் எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளைந்து சென்றன. தலை சிறியது, ஊசி போன்ற பற்கள் இன்னும் தாடையில் இருந்தன. விலாக்கள் கவிழ்த்த கூடையைப் போல விரிந்திருந்தன. துடுப்பு போன்ற கால் ஒன்று, அடுத்த வீச்சுக்கு ஓங்கியதுபோல் நின்றுவிட்டிருந்தது. மரகதவல்லி நிழற்படக் கருவியை எடுத்தாள். அளவு நாடாவைக் கீழே நீட்டி வைத்து மீண்டும் எடுத்தாள். ஏறத்தாழ ஆறு மீட்டர்.

காராயி மோவாயில் கைவைத்தாள். “மலைமேல இதுக்கு என்ன வேலை?”

எலும்புக்கூட்டின் ஓரத்தில், வெறும் பாறைமீது, அதே சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது: ‘இதை ஒடைக்காதிங்க. சருவே அய்யா பார்த்தது இதுதான். அவரு வரட்டும். அந்தோணி.’

நடந்தது என்ன என்பது மரகதவல்லிக்கும் சூசைராஜுக்கும் ஒருசேரப் புரிந்தது. மாசிலாமணி சென்னைக்குப் போயிருந்த நாட்களில், பண்டிகை முடிந்ததும் இந்த இடத்தைத் தகர்க்க உத்தரவு வந்திருக்க வேண்டும். வெடி வைக்க வேண்டியவரே அந்தோணி. எந்தச் சுரங்கத் தொழிலாளியும் தொடத் துணியாத குறியைப் போட்டு, அவர் இதை மறைத்தார். அளவையாளர் திரும்பியதும் சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தார். ஆறே நாளில் இறந்துபோனார். மறைத்தது மறைந்தபடியே இருந்துவிட்டது.

சூசைராஜ் தரையில் உட்கார்ந்தான். “காப்பாத்தறேன்னு நெனைச்சு, உங்கப்பாவைப் பொய்யர் ஆக்கிட்டாரேக்கா.”

இருபத்தேழு ஆண்டுக் கடைத்தெருச் சிரிப்பு மரகதவல்லியின் காதுக்குள் கேட்டது. சினம் வந்தது, யார்மேல் கொள்வது என்று தெரியாமல் அது அவளை அங்குமிங்கும் நடத்தியது. அவள் வாய் திறந்த நேரத்தில், மலையின் மேற்புறத்திலிருந்து சங்கு ஒன்று நீண்டு ஊதியது.

சூசைராஜ் துள்ளி எழுந்தான். “வெடிச் சங்கு! மேல எவனோ மருந்து வெச்சிட்டான்.”

“நாளைக்குத்தானே அனுமதியே?”

“அவனுங்க காத்திருப்பானுங்களா? மூணாஞ் சங்குக்கு வெடிக்கும். பத்து நிமிசம் இருக்கு. ஓடுங்க.”

அவள் எலும்புக்கூட்டைப் பார்த்தாள். மாடத்துக்கு வெளியே சுரங்கக் கூரை விரிசல்களோடு தொங்கியது. அதிர்வில் ஒரு துண்டு உதிர்ந்து உள்ளே உருண்டாலும் அந்தத் தலை தூளாகிவிடும். அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை, சூசைராஜ் ஏற்கெனவே ஒரு கல்லைத் தூக்கியிருந்தான். காராயி தரையிலிருந்து எடுத்துக் கொடுக்க, மரகதவல்லி கைமாற்ற, அவன் அடுக்கினான். பன்னிரண்டு கற்கள் ஏறியபோது இரண்டாம் சங்கு ஊதியது. பதினேழாவதைச் செருகிவிட்டு மூவரும் ஓடினார்கள். வாயில் வெளிச்சமாகத் தெரிந்தபோது மூன்றாம் சங்கு கேட்டது.

மலை ஒருமுறை உதறிக்கொண்டது. பின்னாலிருந்து வந்த காற்று அவர்களை வாசலுக்கு வெளியே தள்ளிக் குப்புற வீழ்த்தியது. வெண்தூசி எல்லாவற்றையும் மூடியது. இருமி முடித்து எழுந்ததும், மரகதவல்லி கருவியை உயர்த்தி, மேல்தளத்தில் எழுந்த புகையைப் படமெடுத்தாள். நாளும் நேரமும் படத்தின் மூலையில் பதிந்தன.

இனி ஒளிந்து போக வேண்டிய தேவை இல்லை. ஒப்பந்தக்காரரின் பாதையிலேயே இறங்கினார்கள். அந்தி மயங்கும் வேளையில், தலை முதல் கால் வரை சுண்ணாம்பு பூசிய மூன்று உருவங்கள் மலைமேலிருந்து வருவதைக் கண்ட காவலாளி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

“சாவி மேனேஜர்கிட்ட இருக்குதா?” என்று காராயி பல்லைக் காட்டினாள்.

சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு மரகதவல்லி படங்களை மேசைமேல் பரப்பினாள். பொறியாளர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதை எங்க வேணும்னாலும் எடுத்திருக்கலாம், சார்.”

கோட்டாட்சியர் அவரைப் பார்க்கவில்லை. கடைசிப் படத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து சாயங்காலம் நாலே காலுக்கு அங்க வெடி வெச்சிருக்கீங்க. என் கையெழுத்து இல்லாம.”

பொறியாளரின் சிரிப்பு அடங்கியது.

“வெடி வேலையை இந்த நிமிஷமே நிறுத்தணும். நாளைக்கு நானே வர்றேன்” என்றார் கோட்டாட்சியர். பிறகு மரகதவல்லியிடம், “உங்கப்பாவால மலை ஏற முடியுமாம்மா?” என்று கேட்டார்.

மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று வயது. மறுநாள் ஜீப் பாதை முடிந்த இடத்திலிருந்து சுரங்கம் வரை அவர் யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்தார். இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை என்பது மகளுக்குத் தெரியும். உள்ளே கூரையிலிருந்து சில துண்டுகள் உதிர்ந்து சுவரின்மேல் விழுந்திருந்தன. சுவர் தாங்கியிருந்தது. சூசைராஜ் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தான். கடைசிக் கல்லை எடுத்ததும் ஒதுங்கி நின்று, தலையைக் குனிந்துகொண்டான்.

“ஐயா, எங்கப்பா இதை மறைச்சதாலதான் உங்க பொழப்பு போச்சு.”

மாசிலாமணி பாறையில் எழுதியிருந்ததை விளக்கொளியில் இருமுறை படித்தார்.

“என் பொழப்பைப் போக்கினவங்க வந்து பார்க்காமலே எழுதினவங்க, தம்பி. இந்த மலையில என் பேச்சை நம்பினது ஒரே ஒரு ஆள். அவர் பேரை இப்பத்தான் தெரிஞ்சுக்கிறேன்.” கோட்டாட்சியரிடம் திரும்பினார். “கண்டவன் நான். காப்பாத்தினவர் அந்தோணி. எழுதறதா இருந்தா ரெண்டு பேரையும் எழுதணும்.”

பின்பு மண்டியிட்டு, கழுத்தெலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடசைய எண்ணினார். முடிவில் நிறுத்தினார், மீண்டும் முதலிலிருந்து எண்ணினார். முகம் மாறியது. என்னவோ ஏதோ என்று மரகதவல்லி பதறி அருகில் போனாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் கண்டதே இல்லை.

“நாற்பத்தொண்ணுன்னு எழுதிட்டேன். நாற்பத்து மூணு இருக்கு. இத்தனை வருஷமா என்னைப் பொய்யன்னாங்களே, ஒருத்தனாவது வந்து எண்ணியிருந்தா இந்தத் தப்பைப் பிடிச்சிருக்கலாம்.” விளக்கைச் சூசைராஜின் பக்கம் நீட்டினார். “என் எண்ணிக்கையை நம்பாதீங்க தம்பி. நீங்க அந்தக் கோடியிலேருந்து எண்ணுங்க.”

சூசைராஜ் கண்களைத் துடைத்துக்கொண்டு குனிந்து, உரக்க எண்ணத் தொடங்கினான். கோட்டாட்சியர் பேனாவைத் திறந்து பிடித்திருந்தார். அவன் எண்ணி முடிக்கும்வரை அவர் ஓர் எழுத்தும் எழுதவில்லை.